பென்ஷன் கேட்டு வந்த பழைய கான்ஃபெடரேட் சிப்பாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கி 1865-இல் முடிந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோய், "கான்ஃபெடரேட்" என்ற பெயரில் தனி அரசு அமைத்த 11 தென்மாநிலங்கள் தோற்றன. அந்தப் பக்கம் துப்பாக்கி தூக்கிய இளைஞர்களில் பலர், முப்பது நாற்பது வருடம் கழித்து, நரைத்த தலையோடு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்துக்கு வந்து, "பிழைக்க வழியில்லை" என்று சத்தியம் செய்து மாநில அரசிடம் பென்ஷன் கேட்டார்கள். அவர்கள் கொடுத்த விண்ணப்பங்கள் இன்றும் காப்பகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. டாலஸ், அட்லாண்டா, ராலே பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் ஊருக்கு ஊர் நிற்கும் சிப்பாய் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். சிலையில் நிற்பவன் எப்போதும் இருபது வயதுக்காரன். அவனே அறுபது வயதில் எப்படி இருந்தான் என்பதை இந்த விண்ணப்பங்கள்தான் சொல்கின்றன. இவற்றைப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். டெக்சஸைப் பற்றி அதிகம் இருக்கும். மற்ற மாநிலங்களைத் தேவையான இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

தோற்றுப்போன படைக்கு யார் பென்ஷன் கொடுத்தார்கள்?

வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு கொடுக்கவில்லை. அது தன் பக்கம் போரிட்ட யூனியன் (வடக்கு) படைவீரர்களுக்குத்தான் கொடுத்தது. போர் நடந்துகொண்டிருந்த 1862-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு அதில் இடமில்லை. 1868-இல் நடைமுறைக்கு வந்த 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கலகத்துக்காக வாங்கிய கடன் எதையும் மத்திய அரசோ மாநில அரசுகளோ அடைக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தது. ரிச்மண்டில் இருந்த கான்ஃபெடரேட் அரசே கலைந்துவிட்டதால், அதன் சிப்பாய் போய்க் கேட்பதற்கு ஓர் அலுவலகம்கூட இல்லை.

மிஞ்சியது அவரவர் குடியிருந்த மாநிலம். அந்த மாநிலம் தன் சொந்த வரிப்பணத்தில் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. 1846-48 மெக்சிகோ போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர்களுக்கு 1887-இல் மத்திய அரசு பென்ஷன் சட்டம் கொண்டுவந்தது. அதில் இருந்து, பிறகு கான்ஃபெடரேட் பக்கம் போனவர்களில் பலருக்கு, பழைய போருக்காக வாஷிங்டன் பணம் கிடைத்தது.

எந்த மாநிலம் எப்போது தொடங்கியது?

ஒரே நாளில் வந்த திட்டம் இல்லை இது. அலபாமாவும் வட கரோலினாவும் 1867-லேயே கை கால் இழந்தவர்களுக்கு உதவ ஆரம்பித்தன. உடல் உறுப்போடு இருந்தாலும் வயதும் வறுமையும் வாட்டியவர்களுக்குப் பணம் என்ற பேச்சு 1880களில்தான் வலுத்தது. புளோரிடா 1885, தென் கரோலினா 1887, வர்ஜீனியாவும் மிசிசிப்பியும் 1888, டென்னசியும் ஆர்க்கன்சாவும் 1891, லூசியானா 1898, டெக்சஸ் 1899. பிரிந்துபோகாத எல்லை மாநிலங்கள் இன்னும் தாமதம்: மிசௌரி 1911, கென்டக்கி 1912. ஓக்லஹோமா 1915. மேற்கு வர்ஜீனியா கடைசிவரை கொடுக்கவே இல்லை.

போர் முடிந்து முப்பது வருடம் ஏன் காத்திருந்தார்கள்?

முதல் காரணம், பணமில்லை. போர் முடிந்ததும் தெற்கு மாநிலங்களால் முடிந்தது செயற்கைக் கை கால்தான். வட கரோலினா 1866-இல் அதை ஆரம்பித்தது. ராலேயில் பட்டறை வைத்துக் கால்கள் செய்துகொடுத்தார்கள். வேண்டாம் என்பவருக்குக் காலுக்கு 70 டாலர், கைக்கு 50 டாலர் ரொக்கம். ராபர்ட் ஹன்னா என்பவருக்குக் கெட்டிஸ்பர்க் போரில் பட்ட காயத்தால் ஒரு கால் போனது. அரசு கொடுத்த நல்ல காலை விசேஷ நாட்களுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, வயல் வேலைக்குத் தானே மரத்தில் கால் செய்துகொண்டார். அதில் ஒன்றுக்குப் பாதத்துக்குப் பதிலாக மாட்டுக் குளம்பு. உழுத மண்ணில் ஒற்றைக் காலோடு நிற்க வேண்டியவனுக்கு எது தேவை என்று அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் காலைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு என்னால் இந்த விண்ணப்பங்களை வெறும் காகிதமாகப் பார்க்க முடிந்ததில்லை.

இரண்டாவது காரணம், வயது. 1863-இல் 18 வயதில் சேர்ந்தவனுக்கு 1899-இல் 54. ஏர் பிடித்தே பிழைத்தவனுக்கு அந்த வயதில் முதுகும் மூட்டும் போய்விடும். 1890களில் பருத்தி விலையும் விழுந்து, சிறு விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள்.

மூன்றாவது காரணம் அரசியல். இதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் சொல்வது நேர்மையில்லை. 1877-க்குப் பிறகு தெற்கில் பழைய ஆட்கள் மறுபடி ஆட்சியைப் பிடித்தார்கள். படைவீரர் சங்கம் 1889-இல் நியூ ஆர்லியன்ஸிலும், அவர்கள் வீட்டுப் பெண்களின் சங்கம் 1894-இல் நாஷ்வில்லிலும் உருவாயின. தோற்ற போரைப் புனிதப் போராக மாற்றிச் சொல்லும் வேலை மும்முரமாக நடந்தது. கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிக்கும் மாநில அரசியல் சட்டங்கள் வந்ததும் இதே வருடங்களில்தான்: மிசிசிப்பி 1890, லூசியானா 1898, அலபாமா 1901. ஒரே சட்டமன்றம், ஒரே வரிப்பணம். ஒரு கையால் ஓட்டைப் பிடுங்கினார்கள், மறு கையால் பென்ஷன் கொடுத்தார்கள்.

பென்ஷன் கிடைக்க என்ன தகுதி வேண்டும்?

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பொதுவாக நாலு விஷயம் பார்த்தார்கள்: உண்மையிலேயே படையில் இருந்தாயா, கௌரவமாக வெளியே வந்தாயா, இந்த மாநிலத்தில் எவ்வளவு காலமாக இருக்கிறாய், நிஜமாகவே ஏழையா.

கடைசிக் கேள்விதான் யூனியன் வீரரையும் இவரையும் பிரித்தது. 1890-க்குப் பிறகு வடக்குச் சிப்பாய் உடலால் உழைக்க முடியவில்லை என்று காட்டினால் போதும். 1907-க்குப் பிறகு 62 வயது ஆனாலே போதும். அவருக்கு அது உரிமை. தெற்குச் சிப்பாய்க்கோ அது தருமம். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று நிரூபித்தால்தான் கொடுப்பார்கள்.

மூன்றாவது விதி பலரை நடுத்தெருவில் நிறுத்தியது. டெக்சஸ் சட்டப்படி, 1880 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து தொடர்ந்து டெக்சஸில் இருந்திருக்க வேண்டும். போருக்குப் பிறகு அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி பக்கத்திலிருந்து நிலம் தேடி டெக்சஸுக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். ஒருவர் அலபாமா ரெஜிமென்டில் நாலு வருடம் இருந்துவிட்டு 1885-இல் டெக்சஸுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் தாமதம் என்று டெக்சஸ் கைவிரிக்கும். இங்கே குடியில்லை என்று அலபாமா கைவிரிக்கும். அவர் பட்ட காயத்தை இரண்டு பேருமே மறுக்கவில்லை. ஆனாலும் பணம் வராது.

விண்ணப்பத்தில் என்னென்ன கேட்டார்கள்?

டெக்சஸ் படிவத்தைத் திறந்தால், பெயர், வயது, எந்த கவுண்டி, தபால் முகவரி என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். எந்தக் கம்பெனி (சிறு படைப்பிரிவு), எந்த ரெஜிமென்ட் (பல கம்பெனிகள் சேர்ந்தது), காலாட்படையா குதிரைப்படையா பீரங்கிப்படையா, எத்தனை காலம் என்று கேட்பார்கள். ஏற்கெனவே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டாயா என்பார்கள். பிறகு உடம்புக்கு வருவார்கள்: இப்போது உடல்நிலை எப்படி, உழைக்க முடியாததற்கு என்ன காரணம்? இந்த இடத்தில் திரும்பத் திரும்ப வரும் பதில்கள் மூட்டுவாதம், குடலிறக்கம், தீராத வயிற்றுப்போக்கு, கண் மங்கல், பழைய குண்டுக்காயம், அல்லது ஒரே சொல்: முதுமை.

அடுத்து சொத்துக் கணக்கு. நிலம் எவ்வளவு, ஆடுமாடு எவ்வளவு, அதன் மதிப்பு என்ன, கடந்த இரண்டு வருடத்தில் எதை விற்றாய், யாருக்கு எழுதி வைத்தாய்? பென்ஷனுக்காகவே சொத்தைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டு வருபவர்களைப் பிடிப்பதற்காக அந்தக் கேள்வி. ஒரு குதிரை, ஒரு பசு, கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான் என்பதோடு பலருடைய பதில் முடிந்துவிடும். கடைசியில், நீ வறியவன்தானா, பிழைக்க வேறு வழி அறவே இல்லைதானா என்று சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வி. அதற்கு "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர் எக்ஸ் குறி போடுவார். பெயருக்கு நடுவில் அந்தக் குறி, மேலேயும் கீழேயும் "இவருடைய அடையாளம்" என்று எழுத்தர் எழுதியிருப்பார். நடுங்கிய கை இழுத்த கோடு பல படிவங்களில் அப்படியே தெரியும்.

டென்னசி இன்னும் துருவித் துருவிக் கேட்டது. எந்தப் போரில் எங்கே காயம், வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா, அமெரிக்க அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தாயா, எடுத்திருந்தால் எந்தச் சூழ்நிலையில்? குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு டென்னசிக் கோப்பு புதையல்.

இத்தனையும் உள்ளூர் ஆட்கள் முன்னால்தான் நடந்தது. கவுண்டி நீதிபதி தெரிந்தவர், சாட்சிகள் தெரிந்தவர்கள். ஒரு காலத்தில் நாலு காசு வைத்திருந்த குடும்பத்துக்காரர், தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதை ஊர் அறியச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டுக் கடைசிவரை விண்ணப்பிக்காமலே போனவர்களும் உண்டு. தாங்க முடியாத நிலை வந்த பிறகு, எழுபது வயதைத் தாண்டி முதல்முறையாக விண்ணப்பித்தவர்களும் உண்டு.

படையில் இருந்ததை எப்படி நிரூபித்தார்கள்?

இதுதான் பெரிய தலைவலி. சரணடையும்போது கொடுத்த விடுதலைச் சீட்டு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1865 ஏப்ரல் 9-ஆம் தேதி அப்போமாட்டாக்ஸில் கான்ஃபெடரேட் தளபதி லீயின் படை சரணடைந்தபோது சுமார் 28,000 பேருக்கு அந்தச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை நாற்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வீடு எரிந்தது, வெள்ளம் வந்தது, ஊர் மாறியது என்று காரணங்கள் வரும்.

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த படைகளின் கதை இன்னும் சிக்கல். அங்கே முறையான சரணடைவு ஜூன் மாதம்தான் நடந்தது. அதற்குள் மே மாதத்திலேயே டெக்சஸ் படைப்பிரிவுகள் பல தாமாகவே கலைந்து வீட்டுக்கு நடந்துவிட்டன. சீட்டும் இல்லை, கடைசி வருகைப் பதிவும் இல்லை.

அதனால் சாட்சிகளை நம்ப வேண்டியிருந்தது. கூடவே படையில் இருந்த இரண்டு பேர் வந்து, இவரை எனக்குத் தெரியும், இன்ன கம்பெனியில் ஒன்றாக இருந்தோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறந்த ஊரிலேயே இருப்பவருக்கு இது சுலபம், ஏனென்றால் ஒரு கம்பெனி என்பதே பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். ஆயிரம் மைல் தள்ளிக் குடிபெயர்ந்தவர் என்ன செய்வார்? நாஷ்வில்லில் 1893-இலிருந்து வெளிவந்த படைவீரர் மாத இதழில் இப்படிப்பட்ட வேண்டுகோள்கள் வரும்: இன்ன ரெஜிமென்டில் என்னோடு இருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் எழுதுங்கள், பென்ஷனுக்குச் சாட்சி வேண்டும். கணவர் இறந்த பிறகு, அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதே தெரியாமல் எழுதிய பெண்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி வாஷிங்டன். 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது ஆவணங்களில் பெரும் பகுதி போனது. கான்ஃபெடரேட் படையின் தலைமை நிர்வாக அதிகாரி சாமுவேல் கூப்பர் ஒரு பகுதியைக் காப்பாற்றி வட கரோலினாவின் சார்லட் நகரத்துக்குக் கொண்டுபோய், அழிக்காமல் யூனியன் படையிடமே ஒப்படைத்தார். வாஷிங்டனில் முதலில் அந்தக் காகிதங்களைப் புரட்டியது எதற்குத் தெரியுமா? லிங்கன் கொலையில் கான்ஃபெடரேட் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிசுக்குப் பங்கு உண்டா என்று ஆதாரம் தேடுவதற்கு. அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 1903-இல் போர்த்துறை அந்த வருகைப் பட்டியல்களிலிருந்து ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனி அட்டை எழுத ஆரம்பித்தது. அதன்பிறகு டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினில் இருந்த கணக்கதிகாரி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதுவார், அங்கிருந்து நாலு வரியில் பதில் வரும்: இன்ன தேதியில் சேர்ந்தார், இன்ன தேதியில் பிடிபட்டார், அதற்கு மேல் பதிவு இல்லை. எந்த அரசை எதிர்த்துப் போரிட்டாரோ அதே அரசின் கடிதம்தான் அவருடைய முதுமைக்குச் சோறு போட்டது.

பெயர் கிடைக்கவில்லை என்று பதில் வந்தாலும் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ஒரே ஆள் மூன்று பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார்.

படையை விட்டு ஓடியவருக்குக் கிடைத்ததா?

சட்டப்படி கிடையாது. படையை விட்டு ஓடினாயா என்று படிவமே நேராகக் கேட்கும். ஆனால் 1864-65 குளிர்காலத்தில் வீட்டிலிருந்து, பிள்ளைகள் பட்டினி என்று கடிதம் வந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அறுவடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. பட்டியலில் "அனுமதியின்றி இல்லை" என்று ஒரு வரி இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர்மேல் பழைய பகை இருந்தால் அந்த விஷயம் அப்போது வெளியே வரும்.

சிறையில் இருந்தபடியே யூனியன் படையில் சேர்ந்து மேற்கே எல்லைக் காவலுக்குப் போனவர்கள் சுமார் 6,000 பேர். அவர்களுக்கும் தெற்கு மாநிலங்களின் கதவு அடைப்புதான்.

மாதம் எவ்வளவு கிடைத்தது?

குறைவுதான். டெக்சஸ் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது வைத்த உச்சவரம்பு மாதம் 8 டாலர். அதுவும் முழுதாகக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒதுக்கிய தொகையை வந்தவர்களுக்குப் பங்கு போடுவார்கள். பேர் கூடினால் பங்கு குறையும். ஜார்ஜியாவில் வறியவர் வகையில் வருடத்துக்கே 60 டாலர். பல மாநிலங்கள் உடல் ஊனத்தை வைத்து வகுப்புப் பிரித்தன: இரு கண்ணும் போனவர் முதலில், கை கால் போனவர் அடுத்து, வெறும் முதுமை கடைசி.

அதே காலத்தில் 75 வயதான யூனியன் வீரருக்கு 1907 சட்டப்படி மாதம் 20 டாலர். 1890களின் தொடக்கத்தில் மத்திய அரசின் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் யூனியன் பென்ஷனுக்கே போனது. தெற்கில் துணியும் சாமானும் வாங்கியவர்கள் கட்டிய சுங்க வரியும் அதில் சேர்த்தி என்று முன்னாள் கான்ஃபெடரேட்டுகள் குமுறினார்கள். சில கவுண்டிகளில், யூனியன் படையில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவருக்கு மத்திய அரசு கொடுத்த தொகை, பக்கத்துப் பண்ணையில் இருந்த வெள்ளைக்கார முன்னாள் சிப்பாயின் தொகையைவிட அதிகம். எழுத்தில் அந்தச் சட்டம் நிறம் பார்க்கவில்லை. ஆனால் கறுப்பினத்தவரின் விண்ணப்பங்கள் கூடுதலாகச் சந்தேகிக்கப்பட்டன, கூடுதலாக நிராகரிக்கப்பட்டன.

பென்ஷன் போதாதவர்கள், குடும்பமே இல்லாதவர்கள்?

படைவீரர் இல்லங்கள் இருந்தன. ரிச்மண்டில் 1885-இலும், ஆஸ்டினில் 1886-இலும் தொடங்கினார்கள். டென்னசி இல்லம் 1892-இல் முன்னாள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பண்ணையில் வந்தது. மிசிசிப்பியில் 1903-இல் ஜெஃபர்சன் டேவிஸ் கடைசியாக வாழ்ந்த பூவ்வார் மாளிகையே இல்லமானது. பார்க்க மரியாதையாக இருந்தாலும் சீருடை, அனுமதிச் சீட்டு, குடித்தால் தண்டனை என்று மறுபடி பட்டாளத்து வாழ்க்கைதான்.

மனைவிக்குக் கிடைத்ததா?

கிடைத்தது. மறுமணம் செய்திருக்கக் கூடாது, கணவரின் சேவையை அவரே நிரூபிக்க வேண்டும், குறிப்பிட்ட வருடத்துக்கு முன் திருமணம் நடந்திருக்க வேண்டும். கடைசி விதி எதற்கு என்றால், எண்பது வயதுக் கிழவரைப் பென்ஷனுக்காக இளம்பெண்கள் கட்டிக்கொள்கிறார்கள் என்ற பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1927-இல் அலபாமாவில் ஆல்பர்ட்டா மார்ட்டின் என்ற 21 வயதுப் பெண் 81 வயது முன்னாள் சிப்பாயை மணந்தார். கைக்குழந்தையோடு இருந்தார், முந்தைய கணவர் இறந்துவிட்டார். கிழவருக்கு மாதம் 50 டாலர் பென்ஷன். அந்தப் பணம் இல்லாவிட்டால் குழந்தைக்குப் பாலில்லை. இதைக் கேலியாக எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வேலையும் இல்லாமல், நிலமும் இல்லாமல் அந்த ஊரில் ஒரு பெண் வேறென்ன செய்திருக்க முடியும்? அவர் 2004-இல், 97 வயதில் காலமானார்.

கறுப்பினத்தவர்களும் கான்ஃபெடரேட் பென்ஷன் வாங்கினார்களாமே?

வாங்கினார்கள். ஆனால் இதை வைத்து, கறுப்பினச் சிப்பாய்கள் தெற்குக்காக விரும்பிப் போரிட்டார்கள் என்று இணையத்தில் சுற்றும் வாதம் தவறு. படிவத்தைப் படித்தாலே தெரிந்துவிடும். மிசிசிப்பி 1888-இலிருந்து கறுப்பினப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டது. டென்னசி 1921, தென் கரோலினா 1923, வர்ஜீனியா 1924, வட கரோலினா 1927 என்று மற்றவை மிகத் தாமதமாக வந்தன. அவர்களுக்கான படிவம் தனி. எந்த ரெஜிமென்டில் போரிட்டாய் என்பதைவிட, யாருக்குப் பணி செய்தாய் என்பதுதான் அதில் முக்கியம். அவர்கள் எஜமானரோடு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட அடிமைகள்: சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், அகழி வெட்டியவர்கள். கறுப்பினத்தவரைச் சிப்பாயாகச் சேர்க்கலாம் என்று கான்ஃபெடரேட் காங்கிரஸ் அனுமதித்ததே 1865 மார்ச் 13-இல். அதற்கு ஒரு மாதத்துக்குள் லீ சரணடைந்துவிட்டார்.

எண்பது வயது முதியவர், வெள்ளைக்கார அதிகாரி முன்னால், எஜமானரிடம் கடைசிவரை விசுவாசமாக இருந்தேன் என்று சொன்னால்தான் சில டாலர்கள் கிடைக்கும். அந்த விண்ணப்பத்தில் இருக்கும் "விசுவாசம்" என்ற வார்த்தையை எந்த நிலையில் எழுதினார்கள் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அடிமைகளாக உழைத்தவர்களுக்கு என்று தனிப் பென்ஷன் இருந்ததா?

இல்லை. கேட்டவர்கள் இருந்தார்கள். நாஷ்வில்லில் துணி துவைத்துப் பிழைத்த காலி ஹவுஸ் என்ற பெண்மணி, அடிமையாகப் பிறந்தவர். 1890களின் கடைசியில், முன்னாள் அடிமைகளுக்கு மத்திய அரசு பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று ஒரு சங்கம் கட்டினார். ஊர் ஊராகக் கிளை, சிறு சந்தா, நோயாளிகளுக்கு மருந்து, இறந்தவர்களுக்கு அடக்கச் செலவு என்று நடந்தது. அடிமைகள் விளைவித்த பருத்தியிலிருந்து அரசு வசூலித்த வரியில் 6 கோடியே 80 லட்சம் டாலர் தங்களுக்குச் சேர வேண்டியது என்று 1915-இல் வழக்கும் போட்டார்கள். வழக்கு தள்ளுபடி ஆனது. அரசு கொடுக்கவே போவதில்லை என்று தெரிந்தும் தபால் மூலம் ஏமாற்றுகிறார் என்று காலி ஹவுஸ் மீதே குற்றம் சாட்டி 1917-இல் சிறையில் தள்ளினார்கள்.

அதே நாஷ்வில்லில்தான் கான்ஃபெடரேட் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் டென்னசிப் பென்ஷன் வாரியமும் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர் விண்ணப்பித்தால் பரிசீலனை. அடிமையாக உழைத்தவர் விண்ணப்பித்தால் வழக்கு. வறிய கிழவர்களுக்குச் சோறு போட்டதை நான் குறை சொல்லவில்லை. யாருடைய முதுமைக்கு அந்த மாநிலங்கள் பொறுப்பெடுத்துக்கொண்டன, யாருடையதற்கு எடுக்கவில்லை என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன்.

பொய்யாக விண்ணப்பித்தவர்கள் உண்டா?

உண்டு. மிகப் பிரபலமானவர் ஹூஸ்டனில் 1959 டிசம்பரில் இறந்த வால்டர் வில்லியம்ஸ். உள்நாட்டுப் போரின் கடைசி வீரர் என்று நாடே அவருக்கு அஞ்சலி செலுத்தியது. ஆனால் அவர் இறப்பதற்கு முன்பே ஒரு செய்தியாளர் 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டியிருந்தார். அதில் வில்லியம்ஸுக்கு வயது 5. அவர் பென்ஷனுக்கு விண்ணப்பித்தது 1930களில், பெருமந்தத்தின் நடுவில். அந்தப் பஞ்சத்தில் வயதைக் கூட்டிச் சொன்ன முதியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். சரிபார்க்க முடிந்தவர்களில் கடைசிக் கான்ஃபெடரேட் சிப்பாய் என்று பொதுவாக ஏற்கப்படுபவர் அலபாமாவின் பிளெசன்ட் கிரம்ப். அவர் 1951 டிசம்பர் 31-இல், 104 வயதில் இறந்தார்.

கடைசியில் மத்திய அரசு எதுவுமே செய்யவில்லையா?

1958-இல் செய்தது. கான்ஃபெடரேட் வீரர்களின் விதவைகளுக்கும் யூனியன் விதவைகளுக்கு இணையாகப் பென்ஷன் என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. அப்போது மிஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர்.

இதோடு தொடர்புள்ள கடைசிப் பெயர் ஐரீன் டிரிப்லெட். வட கரோலினாக்காரரான அவருடைய தந்தை கான்ஃபெடரேட் படையிலிருந்து ஓடி யூனியன் பக்கம் சேர்ந்தவர். அதனால் அவருக்கு மத்திய அரசின் பென்ஷன். முதுமையில் பிறந்த மகள் உடல்நலக் குறையோடு இருந்ததால் அவருக்கும் அது தொடர்ந்தது: மாதம் 73 டாலர் 13 சென்ட், 2020 மே மாதம் அவர் இறக்கும்வரை.

அலபாமாவில் பென்ஷனுக்காகப் போட்ட சொத்து வரியின் ஒரு சிறு துண்டு இன்னும் வசூலாகிறது. மவுண்டன் க்ரீக்கில் பழைய படைவீரர் இல்லம் இருந்த இடத்தில் அமைந்த நினைவுப் பூங்காவுக்கு அது போகிறது. அந்த மாநிலத்தின் கறுப்பினக் குடும்பங்களும் அதைக் கட்டுகின்றன.

இந்தக் கோப்புகளை இன்று எப்படிப் பார்ப்பது?

வாஷிங்டன் தேசியக் காப்பகத்தில் தேடாதீர்கள். அங்கே சேவை அட்டைகள் இருக்கும், கான்ஃபெடரேட் பென்ஷன் விண்ணப்பங்கள் இருக்காது. அவை மாநிலக் காப்பகங்களில் உள்ளன. எந்த மாநிலத்துக்காகப் போரிட்டார் என்பதை விட்டுவிட்டு, வயதான காலத்தில் எந்த மாநிலத்தில் குடியிருந்தார் என்று பார்த்து அங்கே தேடுங்கள். பல மாநிலங்கள் பெயர் அட்டவணையை இணையத்தில் வைத்திருக்கின்றன. சிலவற்றில் படிவத்தின் படமே கிடைக்கும்.

கணவர் பெயரில் இல்லையென்றால் மனைவி பெயரில் பாருங்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைத் தனியாக அடுக்கியிருப்பார்கள்; அவற்றை விட்டுவிடாதீர்கள். ஏற்கப்பட்ட கோப்பு சில சமயம் இரண்டே பக்கத்தில் முடிந்துவிடும். நிராகரிக்கப்பட்டதில்தான் மேல்முறையீடு, சாட்சிகளின் கடிதம், அண்டை வீட்டாரின் மனு, அந்த முதியவரே பென்சிலால் எழுதிய விளக்கம் எல்லாம் சேர்ந்திருக்கும்.